பின்கை

இந்த நாற்காலி என் இடுப்புக்கு ஆகவில்லை, ஐயா. குறையாகச் சொல்லவில்லை. முதுகு சாய்கிற பலகை ஒரு சாண் தாழ்வாக இருக்கிறது, பாரம் முழுக்க இடுப்பில் இறங்குகிறது. கல் சுமந்தவனுக்கு இது உட்கார்ந்த உடனே தெரிந்துவிடும். நடுவில் நான் எழுந்து சுவரோரம் நின்றுகொண்டு பேசினால் தப்பாக நினைக்க வேண்டாம். ஓடிப்போகிற வயசும் இல்லை, ஓடிப்போகிற இடுப்பும் இல்லை.

எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

எங்களுடையது சமையல் மேடைக் கல் பட்டறை. பலகை பலகையாக வருகிற கல்லை அளவுக்கு வெட்டி, மெருகு போட்டு, வீடுகளுக்குக் கொண்டுபோய் மேடையில் உட்கார வைப்பது வேலை. லிஃப்டில் இந்தக் கல் நுழையாது. படிக்கட்டுதான். ஒரு கல்லுக்கு இரண்டு ஆள். முன்னால் போகிறவனை முன்கை என்போம், பின்னால் வருகிறவனை பின்கை. பட்டறையில் இதுதான் பெயராகவும் ஆகிவிடும். பதினாலு வருஷமாக என் பெயர் பின்கை. செத்துப்போனவன் முன்கை. என்னைவிட ஒன்பது வயசு இளையவன்.

படி ஏறும்போது கீழே இருக்கிறவன் மேல்தான் பாரம். அதாவது என்மேல். ஆனால் அதற்காக நான் சலித்துக்கொண்டது கிடையாது, ஏனென்றால் கண்ணும் பின்கைக்குத்தான். முன்கைக்கு முதுகுப்பக்கம் எதுவும் தெரியாது. கல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, திருப்பத்தில் மூலை இடிக்குமா, எல்லாம் பின்கை பார்த்துச் சொல்ல வேண்டும். ‘கட்டு’ என்பேன். இருவரும் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக் கட்டுவோம். கட்டின மூச்சோடு ஒரு படி. ‘விடு’ என்பேன். விடுவோம். மறுபடி கட்டு. மூச்சைக் கட்டாமல் இந்தக் கல்லைத் தூக்க முடியாது, விலா தாங்காது. யோசித்துப் பாருங்கள். பதினாலு வருஷம் ஓர் ஆள் என் சொல்லுக்கு மூச்சு விட்டிருக்கிறான். பெற்ற தாய்க்குக்கூட அந்தப் பாக்கியம் கிடையாது.

தொழிலில் சட்டம் ஒன்றே ஒன்று. சொல்லாமல் கையை எடுக்கக் கூடாது. வலிக்கட்டும், வழுக்கட்டும், அரிப்பே எடுக்கட்டும், வாயைத் திறந்து சொல்லிவிட்டுத்தான் கையை எடுக்க வேண்டும்.

எனக்கு வீட்டில் ஆள் இல்லை. மனைவி போய்ப் பதினோரு வருஷம். பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முன்கை வீட்டில்தான் சாப்பாடு. அவன் மனைவி துணி தைக்கிற கம்பெனிக்குப் போகிறவள். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். இதெல்லாம் நீங்கள் விசாரித்திருப்பீர்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை நான் உள்ளங்கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வண்டியருகே போனபோது என் இடத்தில் நெட்டை நின்றுகொண்டிருந்தான். பட்டறைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாதவன். ஆறடிக்கு மேல் இருப்பான், அதனால் நெட்டை. மேஸ்திரி என்னைப் பார்த்து, “நீ இன்னிலேர்ந்து மெருகு மேசைக்குப் போ. தண்ணி ஊத்து. உயரமானவன் கீழ நின்னா கல்லு சமமா ஏறும்” என்றார். நியாயமான பேச்சு. நான் முன்கையைப் பார்த்தேன். அவன் கல்லைக் கட்டித் தூக்குகிற வாரின் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் மதியம் அவன் வீட்டில்தான் சாப்பிட்டேன். அப்போதும் சொல்லவில்லை. சொல்லாமல் கையை எடுத்தான்.

மெருகு மேசையில் சுற்றுகிற கல்மேல் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் வேலை. செடிக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி. முதல் வாரமே யாரோ வாசலிலிருந்து, “பின்கை, வண்டி ரெடி” என்று கூப்பிட்டார்கள். குழாயைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் நெட்டை, “இதோ வந்துட்டேன்” என்று ஓடினான். பெயரும் போய்விட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வண்டி கிளம்பும்போது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு போவார்கள். முன்கை என்னோடு வேலை செய்த காலத்தில் வேலை நேரத்தில் சிரித்ததில்லை. நானும் சிரிக்க வைத்ததில்லை. சிரித்தால் மூச்சு போய்விடும்.

நாலு மாதம் கழித்து விபத்து. இரண்டாவது மாடித் திருப்பத்தில் யாரோ படியைக் கழுவிவிட்டிருந்தார்கள். முன்கையின் கால் வழுக்கியது. கல் அவன் நெஞ்சைச் சுவரோடு சேர்த்து அழுத்தியது. இடது பக்கம் நாலு விலா முறிந்தது. இதில் என் கை எதுவும் இல்லை, நான் அப்போது பட்டறையில் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நெட்டையின் மேலும் தப்பில்லை, அதையும் எழுதுங்கள். அவன் கல்லை விடவில்லை. ஆள் ஓடி வருகிற வரை தனியாகத் தாங்கிக்கொண்டு நின்றிருக்கிறான். வார் அறுத்து உள்ளங்கை எலும்பு தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பட்டறை ஆட்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். நல்லவேளை, பின்கையில் நெட்டை இருந்தான். நான் அவர்கள் நடுவில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

முறிந்த விலாக்களுக்குத் தகடு வைத்துத் திருகு போட்டார்கள். பக்கவாட்டில் ஒரு குழாய். முதல் இரண்டு நாள் வலி அடங்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அண்ணே, போகாதே. இங்கயே இரு” என்றான். பிடித்த இடம் நீலமாகக் கன்றிப்போனது. ஐயா, அந்த நாலு மாதத்தில் எனக்குக் கிடைத்த நல்ல பொழுது அந்த இரண்டு நாள்தான். பொய் சொல்ல வரவில்லை, அதனால் சொல்கிறேன்.

நர்ஸ் கெட்டிக்காரி. வலி பத்துக்கு எத்தனை என்று கேட்பாள். அவன் மூன்று என்பான். அவள் ஆறு என்று எழுதிக்கொள்வாள். “கல்லு தூக்கறவங்க சொல்ற கணக்கை நான் அப்படியே எழுத மாட்டேன். நீங்கல்லாம் வலியையும் கூலி மாதிரி கம்மி பண்ணிச் சொல்றீங்க” என்றாள்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். உங்கள் மேஜைமேல் இருக்கிறதே, அதுதான். மாத்திரை கொடுத்த நேரம், வலி எத்தனை, காய்ச்சல் உண்டா, மூன்று உருண்டைக் கருவியில் எத்தனை உருண்டை ஏறியது என்று கட்டம் போட்டது. மூச்சை உள்ளே இழுத்தால் உருண்டை மேலே ஏறும், அந்தக் கருவி. பதினாலு நாளைக்கு நாற்பத்திரண்டு வலி மாத்திரை, ஒரு நாளைக்கு மூன்று. கூடவே வயிற்றுப் புண் வராமல் இருக்க இன்னொரு மாத்திரை. இரண்டும் வெள்ளை, ஒரே அளவு.

“மணி பாத்துக் குடுங்க, மூஞ்சி பாத்துக் குடுக்காதீங்க. வலி வர்றதுக்கு முன்னாடியே உள்ள போயிருக்கணும்” என்றாள் நர்ஸ்.

மூச்சுப் பயிற்சி சொல்லித்தருகிற பெண் ஒருத்தி உண்டு. அவள் என்னைத் தனியாக வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். “இந்த மாத்திரை வலிக்குன்னு நினைக்காதீங்க. இருமறதுக்கு. வலிச்சா ஆள் இரும மாட்டார். இருமலைன்னா சளி அடியில தங்கும். தங்கினா நுரையீரல் கெட்டுப்போகும், அப்புறம் ஆளே போயிடுவார். என்ன சொன்னேன், திருப்பிச் சொல்லுங்க.”

நான் ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னேன். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எப்படி இரும வேண்டும் என்று என்னையே செய்துகாட்டச் சொன்னாள். செய்துகாட்டினேன். அவளுக்குத் திருப்தி. ஆகவே தெரியாமல் நடந்தது என்று எங்கேயும் எழுத வேண்டாம்.

பகலில் முன்கையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவைப்பட்டது. அவன் மனைவி லீவு போட்டால் வேலை போய்விடும். மேஸ்திரியிடம் நான் கேட்டேன். “போ. நீ இங்க இருந்தா என்ன, அங்க இருந்தா என்ன” என்றார்.

ஒரே அறை வீடு. ஜன்னலோரம் கட்டில், பக்கத்தில் ஸ்டூல், பின்னால் தண்ணீர்க் குழாய். காலை ஏழு மணிக்கு அவள் கிளம்புவாள், நான் வருவேன். இரவு எட்டு மணிக்கு அவள் திரும்புவாள். நான் அவனுக்கு முகம் துடைத்தேன், முடி வாரினேன், சிறுநீர் பாட்டிலைக் கழுவினேன், முதுகுக்குத் தலையணை மாற்றி மாற்றி வைத்தேன். முதல் மூன்று நாள் அவளும் நானும் மணி பார்த்து மாத்திரை கொடுத்தோம். தலையணையை அணைத்துக்கொண்டு இருமினான். இரண்டு உருண்டை ஏறியது. மூன்றாவதும் பாதிவரை எழும்பியது. அந்த ஒன்பது கட்டங்களில் இருப்பது உண்மை.

மூன்றாம் நாள் மதியம் நெட்டை வந்தான். கையில் பெரிய கட்டு. ஸ்டூலில் உட்கார்ந்தால் முழங்கால் மோவாய்க்கு வருகிறது. கட்டோடு வண்டியில் கூடப் போய்ப் பார்த்த பட்டறைக் கதை சொன்னான். “மூணாவது மாடிக்கு ஏத்தி, மேடைமேல வெச்சு, பசையும் போட்டாச்சு. அப்ப அந்தம்மா வந்து பாத்துட்டு, என்னப்பா இது கறுப்பா இருக்குங்குது. கறுப்புக் கல்லும்மா, பின்ன வெக்கப்பட்டுச் செவக்குமான்னேன்.”

முன்கை சிரித்தான். தலையணையை இறுக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, வலியோடு வலியாகச் சிரித்தான். சிரித்து முடித்து, “இருடா, நான் எந்திரிச்சு வரேன். நாம ரெண்டு பேரும் சேர்ந்து அந்தம்மாவுக்கு ரோஸ் கலர்ல ஒண்ணு ஏத்துவோம்” என்றான்.

நான் குழாயடியில் பாட்டிலைக் கழுவிக்கொண்டிருந்தேன். நாம ரெண்டு பேரும் என்றான்.

நான்காம் நாள் இரண்டு மணி மாத்திரையை மறந்துவிட்டேன். மறந்துவிட்டேன் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டரைக்கு அவன் முகம் இறுகியது. மூன்று மணிக்கு அவன் கை கட்டிலைத் தடவி என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது. “அண்ணே, இங்கயே இரு” என்றான். அந்த நேரத்தில் நெட்டை மறுபடி வந்து வாசலில் நின்றான். முன்கை முகத்தைத் திருப்பிக்கொண்டு, “இப்ப வேணாம்னு சொல்லுண்ணே” என்றான். சொன்னேன். நெட்டை திரும்பிப் போனான். அன்றைக்குக் காலை ஆறு மணிக்கு முன்கையின் மனைவி கொடுத்ததும் நான் மடித்து வைத்திருந்த பொட்டலம்தான், அதில் வலி மாத்திரை இல்லை என்பது எனக்கு முன்னமே தெரியும். அதனால் மறதி என்று நான் சொன்னதை அடித்துவிடுங்கள்.

அதை விளக்கிவிடுகிறேன். அவன் மனைவிக்கு மாத்திரை அட்டையில் இருக்கிற எழுத்து புரியாது, வருவதும் போவதுமாக ஓய்ந்துபோயிருப்பாள். மூன்றாம் நாள் மாலை நான் மறுநாளிலிருந்து மிச்சம் எல்லா நாளைக்கும் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலமாக மடித்து, வேளையை எழுதி, டப்பாவில் அடுக்கிக் கொடுத்தேன். காலை ஆறும் இரவு பத்தும் அவள் கையால், மதியம் என் கையால். எல்லாப் பொட்டலத்திலும் வயிற்றுப் புண் மாத்திரைதான். போதாததற்குக் கடையில் இன்னும் இரண்டு அட்டை வாங்கினேன். அவள் டப்பாவைப் பார்த்துவிட்டு, “கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்கண்ணே” என்றாள்.

வலி ஏன் ஏறுகிறது என்று முன்கை கேட்டான். டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார், பழக்கமாகிவிடக் கூடாது இல்லையா என்றேன். இனிமேல் மருந்து நம்ம மனசுதான் என்றேன். கல் தூக்குகிறவனிடம் இதைச் சொன்னால் அவன் மேற்கொண்டு கேட்க மாட்டான். பல்லைக் கடித்துக்கொள்வான், பெருமையாகவும் இருக்கும். நர்ஸுக்கு இது தெரியும், அதனால்தான் மூன்றை ஆறாக எழுதினாள். நான் அவன் சொன்ன ஐந்தை இரண்டாக எழுதினேன்.

இருமல் வரும்போதெல்லாம் என்னைப் பார்ப்பான். நான் அவன் விலாவின் மேல் கையை வைத்து, “கட்டு” என்பேன். மூச்சைக் கட்டுவான். பதினாலு வருஷப் பழக்கம், உடம்பு தானாகக் கேட்கும். இருமல் உள்ளேயே அடங்கிவிடும். அப்புறம் மெதுவாக, “விடு” என்பேன். நுனிமூச்சாக விடுவான். மறுபடி நாங்கள் ஒரு ஜோடியாக இருந்தோம். உருண்டைக் கருவியை அலமாரிமேல் வைத்துவிட்டேன். தாளில் மூன்று உருண்டை என்று எழுதினேன்.

இவ்வளவு நாளாக நான் அவன் பாரத்தைத் தாங்கி என் இடுப்பு போனது. அந்த மாத்திரைகள் சும்மா சட்டைப் பையில் கிடந்தன. ஐந்தாம் நாள் ஒன்றை வாயில் போட்டேன். அரை மணியில் இடுப்பு என்று ஒன்று இருப்பதே மறந்துபோனது. அன்றைக்குத் தூங்கின மாதிரி நான் பல வருஷமாகத் தூங்கியதில்லை. அப்புறம் தினம் இரண்டு மூன்று எடுத்தேன். என் வலியை அவன் ஒரு வாரம் தாங்கினான். ஜோடி என்றால் மாற்றி மாற்றித் தாங்குவதுதானே.

எட்டாம் நாள் நடந்ததை மட்டும் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள்.

மதியம் மூன்று மணி இருக்கும். அவன் உதடு காய்ந்திருந்தது, நெற்றி சுட்டது. பேசும்போது அடியில் ஏதோ கொதிக்கிற மாதிரி சத்தம். ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு, “அண்ணே, ஒண்ணு சொல்லணும்” என்றான்.

“சொல்லு.”

“ஜோடி மாத்தச் சொல்லி மேஸ்திரிகிட்ட கேட்டது நான்தான். உன் இடுப்புக்காகத்தான்ணே. சொன்னா நீ விட மாட்டே. அதான் சொல்லாம செஞ்சேன். மனசுல வெச்சுக்காதே.”

நான் ஈரத்துணியைக் கிண்ணத்தில் போட்டேன். சட்டைப் பைக்குள் என் கை போனது. உள்ளே அன்றைக்கு உண்டான மாத்திரை மூன்றும் இருந்தன. ஒன்றை விரலுக்கு நடுவில் எடுத்தேன். கொடுத்திருப்பேன், ஐயா. அந்த நிமிஷம் கொடுத்திருப்பேன். தண்ணீர் தம்ளரைக்கூட இன்னொரு கையில் எடுத்துவிட்டேன்.

அவன் மேற்கொண்டு சொன்னான். “எனக்கு எங்கே தெரியுது. முன்னாடி போறவன். நெட்டைதான் சொன்னான். அண்ணன் ஒவ்வொரு படிக்கும் இடுப்பைப் பிடிக்கிறாரு, நீ பாக்கலையான்னு.”

பதினாலு வருஷம் கூட நடந்தவனுக்குத் தெரியவில்லை. ஒரு மாதம்கூட ஆகாத ஒருத்தன் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. என் வலியைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். எங்கே பேசியிருப்பார்கள், டீ குடிக்கும்போதா, வண்டியிலா என்று யோசித்தேன். அந்தக் கரிசனம்கூட நெட்டை கொடுத்துத்தான் எனக்கு வர வேண்டுமா என்று தோன்றியது.

மாத்திரையை மறுபடி பைக்குள் விட்டேன். தண்ணீரை மட்டும் கொடுத்தேன். புரையேறியது. இருமப் போனான். “கட்டு” என்றேன். கட்டினான்.

ஒன்பதாம் நாள் அவன் மனைவி வேலைக்குக் கிளம்பும்போது, “உடம்பு சுடுதேண்ணே, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரலாமா” என்று கேட்டாள். போர்வைச் சூடு என்றேன். பத்தாம் நாளும் கேட்டாள். தாளைக் காட்டினேன். வலி இரண்டு, உருண்டை மூன்று, காய்ச்சல் இல்லை. எழுதின தாளுக்கு முன்னால் அவள் தன் கையையே நம்பவில்லை. நெட்டை இரண்டு தடவை வந்தான். தூங்குகிறான் என்று சொல்லி அனுப்பினேன். கதவைத் திறந்து முழுசாக நின்றுதான் சொன்னேன், அவன் உயரத்துக்கு என் தலைக்கு மேலாக உள்ளே பார்க்க முடியும் என்பது அப்போது தோன்றவில்லை. பதினோராம் நாள் விடியும்போது அவன்தான் வண்டியோடு வந்து, யாரையும் கேட்காமல், கட்டுப்போட்ட கையாலேயே முன்கையைத் தூக்கிக்கொண்டு போனான். நான் போய்ச் சேர்ந்தபோது கட்டில் காலி.

ஆஸ்பத்திரியில் என்ன மாத்திரை கொடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். முன்கையின் மனைவி தன் பையிலிருந்து அன்றைய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். நர்ஸ் பிரித்துப் பார்த்திருக்கிறாள். அப்புறம் தாளைப் பார்த்தாளாம். மூன்று உருண்டை ஏற்றின நெஞ்சு இப்படி இருக்காது என்றாளாம். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் முன்கை போய்விட்டான். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

உங்கள் எழுத்தர் மேலே ‘முன்விரோதம் காரணமாக’ என்று எழுதியிருக்கிறார். தலைகீழாகவும் எனக்குப் படிக்க வரும். அதை மாற்ற வேண்டும். எனக்கும் அவனுக்கும் விரோதம் கிடையாது. அவனை என்னைப்போலப் பார்த்துக்கொண்டவர்கள் யாருமில்லை. படுக்கைப் புண் ஒன்றுகூட வரவிடவில்லை, டாக்டரைக் கேளுங்கள். நெட்டை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவன் வாக்குமூலத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் அந்த வீட்டில் பத்து நாளும் முன்கையின் கை பிடித்துக்கொண்டிருந்தது யாருடைய கையை என்பதையும் எழுதுங்கள்.

எண்ணிக்கை தப்பக் கூடாது. நாற்பத்திரண்டு வாங்கினோம். ஒன்பது அவனுக்குப் போனது. என் சட்டைப் பையிலும் பெட்டியிலுமாக நீங்கள் எடுத்தது பதினாறு. பதினேழு என் இடுப்புக்குப் போனது. அவனுக்கு நான் தர வேண்டியது முப்பத்துமூன்று மாத்திரை.